கிணறு ஓரிடம், கணக்கு ஓரிடம்

எண்ணெய் கிடைக்கும் வளரும் நாடுகளில் ஒரு சட்ட ஏற்பாடு பொதுவாகக் காணப்படுகிறது. நிலம் உழவருடையதாக இருக்கலாம், ஓடையும் காயலும் ஊருக்குப் பொதுவாக இருக்கலாம். அவற்றின் அடியில் கிடக்கும் எண்ணெய் அரசுடையது. அமெரிக்காவில் தனியார் நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருந்தால் நிலத்துக்காரருக்கு ராயல்டி உண்டு. மற்ற நாடுகளில் அந்த வழக்கம் அரிது. ஆகவே எண்ணெய்ப் பணம் முதலில் போய்ச் சேரும் இடம் தலைநகரத்துக் கருவூலம். கிணறு இருக்கும் ஊருக்கும் நாட்டின் பிற குடிமக்களுக்கும் அதில் என்ன கிடைக்கும் என்பது, கருவூலத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அவரிடம் கணக்குக் கேட்கும் பழக்கம் எண்ணெய் வருவதற்கு முன்பே அந்த நாட்டில் வேரூன்றியிருந்ததா என்ற இரண்டையும் பொறுத்தது. இச்சொற்பொழிவு அதற்கு எடுத்துக்கொள்ளும் முதன்மைச் சான்று நைஜீரியா. ஆப்பிரிக்காவிலேயே மக்கள் தொகை மிகுந்த அந்த நாட்டில், எண்ணெயின் எல்லா விளைவுகளையும் ஒரே இடத்தில் காணலாம். அதே காலத்தில் அதே விலை ஏற்றத்தைக் கண்ட இந்தோனேசியாவும், பின்னால் எண்ணெயோ எரிவாயுவோ கண்ட சில நாடுகளும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஒலோய்பிரிக்கு முன்னும் பின்னும்

நைஜர் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் கழிமுகத்தில், இன்றைய பயெல்சா மாநிலத்தில் உள்ள சிற்றூர் ஒலோய்பிரி. 1956 ஜனவரியில் ஷெல்–டார்சி கம்பெனி அங்கே விற்பனைக்குத் தேறும் அளவில் எண்ணெய் கண்டது. அப்போது பிரிட்டிஷ் ஆட்சி முடியவில்லை. 1908இலேயே ஜெர்மன் கம்பெனி ஒன்று அந்த நாட்டில் எண்ணெய் தேடத் தொடங்கி, முதல் உலகப் போர் வந்ததும் கைவிட்டிருந்தது. 1958இல் முதல் சரக்கு கப்பலேறியபோது நைஜீரியா நாளொன்றுக்கு எடுத்தது ஏறத்தாழ 5,000 பீப்பாய். 1970களின் நடுவில் அது 20 லட்சத்தைத் தாண்டியது. ஒலோய்பிரி வயலோ 1978இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாட்டின் தலையெழுத்தை மாற்றிய அந்த ஊரில் இன்று பார்ப்பதற்கு இருப்பது, தொழிலில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று சொல்லப்படும் கிணற்று வாய் வால்வுக் கோவையும், இதுதான் முதல் கிணறு என்று அறிவிக்கும் பலகையும்.

எண்ணெய்க்கு முன் நைஜீரியா வறிய நாடுதான். ஆனால் அதற்குத் தொழில் இருந்தது. வடக்கே கானோ நகரில் நிலக்கடலை மூட்டைகளைக் கூம்புக் கூம்பாக அடுக்கி வைத்திருப்பார்கள். ரயிலேறித் துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் அந்தக் கடலைக் கூம்புகள் அஞ்சல் அட்டைகளில் அச்சாகும் அளவுக்குப் பெயர் பெற்றவை. மேற்கே கோகோ. கிழக்கே பனையெண்ணெய், 1960களின் தொடக்கத்தில் அதை ஏற்றுமதி செய்வதில் உலகில் முன்னணியில் நின்ற நாடு நைஜீரியா. மூன்று வட்டாரங்களுக்கும் தனித்தனி அரசுகள் இருந்தன. அவை விளைபொருள் வாரியங்கள் வழியாக உழவரிடம் சரக்கு வாங்கி, உலக விலையைவிடக் குறைவாகக் கொடுத்து, இடைவெளியைத் தம் வருவாயாக்கிக்கொண்டன. உழவருக்கு இது அநியாயம் என்பதில் ஐயமில்லை. இருந்தாலும், உழவர் விளைவித்தால்தான் அரசுக்கு வருமானம் என்ற கட்டாயம் அந்த ஏற்பாட்டில் இருந்தது. மேற்கு வட்டாரத்தில் ஒபாஃபெமி அவோலோவோவின் அரசு 1955 ஜனவரியில் இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இருந்தது கோகோப் பணம். எண்ணெய் வந்த பிறகு இந்தக் கட்டாயம் அற்றுப்போனது. நைஜீரியாவின் பிற்கால வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் எது என்று சொல்வது கடினம்.

பங்கு கேட்கப் பிறந்த மாநிலங்கள்

1960இல் சுதந்திரம் வந்தபோது இருந்த ஏற்பாட்டின்படி, கனிமங்களின் ராயல்டியில் பாதி அது கிடைத்த வட்டாரத்துக்கே சேர்ந்தது. அந்தப் பங்கீட்டை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்தது எண்ணெயை அல்ல. தகரமும் நிலக்கரியும்தான் அன்று கண்ணுக்குத் தெரிந்த கனிமங்கள். எண்ணெயின் அளவு தெரியத் தெரியப் பங்கீடும் மாறியது. 1967 மே மாதம் ராணுவ ஆட்சித் தலைவர் யாகுபு கோவோன் நாட்டை 12 மாநிலங்களாகப் பிரித்தார். அந்தப் பிரிவினை கிழக்கின் இக்போ மக்களை எண்ணெய் வளம் மிகுந்த கடலோரத்திலிருந்து விலக்கியது. மூன்று நாளில் கிழக்கு வட்டாரம் பயாஃப்ரா என்ற பெயரில் தனி நாடாக அறிவித்துக்கொண்டது. 1967 ஜூலையில் தொடங்கி 1970 ஜனவரியில் முடிந்த உள்நாட்டுப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோரைக் கொன்றது பட்டினி. போருக்கு எண்ணெய் மட்டும் காரணம் என்று சொல்வதற்கில்லை. 1966இல் வடக்கே நடந்த இக்போ மக்கள் படுகொலைகளே அதன் அண்மைக் காரணம். ஆனால் பிரிந்து போகும் பகுதியை விட்டுவிட முடியாது என்ற பிடிவாதத்துக்கும், பிரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கும் எண்ணெய் எரிபொருளானது.

போர் நடந்துகொண்டிருந்த 1969இல் வந்த பெட்ரோலியச் சட்டம், நாட்டின் எண்ணெய் முழுவதையும் மத்திய அரசின் உடைமையாக்கியது. அதன்பின் கிணறு இருக்கும் மாநிலத்தின் பங்கு படிப்படியாகச் சுருங்கி, 1980களில் 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. கழிமுக மக்களின் கிளர்ச்சிகளுக்குப் பிறகு 1999ஆம் ஆண்டு அரசமைப்பு அதை 13 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று நிலைநிறுத்தியது.

மிச்சப் பணம் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பிரிகிறது. மாதந்தோறும் தலைநகர் அபுஜாவில் மாநிலங்களின் நிதித்துறைப் பொறுப்பாளர்கள் கூடி அந்த மாதத் தொகையைப் பிரித்துக்கொள்கிறார்கள். பல மாநிலங்களில் சம்பளம் போடுவதே அந்தக் கூட்டம் முடிந்த பிறகுதான். பங்கில் ஒரு பகுதி எல்லா மாநிலங்களுக்கும் சமமாகப் போவதால், தனி மாநிலம் கேட்பதே வருமானத்துக்கு வழியாயிற்று: 1967இல் 12 மாநிலங்கள், 1976இல் 19, 1991இல் 30, 1996இல் 36. உள்ளாட்சிப் பகுதிகள் 774. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு தலைமையிடம், ஒரு சட்டமன்றம், ஒரு வாகன வரிசை. இதை நைஜீரியர்கள் ‘தேசிய கேக்’ என்று ஏளனமாகச் சொல்வது வழக்கம். கேக்கைச் சுடுவது யார் என்ற கேள்வி அந்தப் பேச்சில் வருவதில்லை.

சிமெண்டுக் கப்பல்கள்

1973 அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போரை ஒட்டி எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. நைஜீரியா 1971இல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் ஒபெக் அமைப்பில் சேர்ந்திருந்தது. பணம் வந்த வேகத்துக்கு அரசு எந்திரம் தயாராக இல்லை என்பதை 1975இல் லாகோஸ் துறைமுகம் உலகுக்குக் காட்டியது. ராணுவக் குடியிருப்புகளுக்கும் பிற கட்டுமானங்களுக்கும் என்று ஏறத்தாழ 2 கோடி டன் சிமெண்டுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டிருந்தது. துறைமுகம் ஓராண்டில் இறக்கக்கூடிய சிமெண்டு அதில் மிகச் சிறு பங்கு. நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு முறைக்குக் காத்திருந்தன. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பல்காரருக்கு நைஜீரியா தாமதக் கட்டணம் தரவேண்டும். அந்தக் கட்டணமே லாபம் என்று கண்டுகொண்டு, உடைக்க வேண்டிய பழைய கப்பல்களில் சிமெண்டை ஏற்றி அனுப்பியவர்களும் இருந்தார்கள். ஈரக் காற்றில் மூட்டைகள் கல்லாக இறுகின. உணவுப்பொருளும் மருந்தும் ஏற்றிய கப்பல்களும் அதே வரிசையில் நின்றன.

அதே ஆண்டில் உடோஜி குழுவின் பரிந்துரைப்படி அரசு ஊழியர் சம்பளம் பெருமளவு உயர்ந்து, நிலுவைத் தொகையும் மொத்தமாகக் கைக்கு வந்தது. நகரங்களில் கடைகள் காலியாயின, விலைவாசி ஏறியது. சம்பள உயர்வு எதுவும் கிடைக்காத உழவரும் அந்த விலையைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

உழவரை அதைவிட ஆழமாகத் தாக்கியது நாணய மதிப்பு. பொருளியலார் இதை ‘டச்சு நோய்’ என்பார்கள்; நெதர்லாந்தில் 1959இல் க்ரோனிங்கன் எரிவாயு கிடைத்தபின் அங்குள்ள தொழிற்சாலைகள் நலிந்ததைக் கண்டு லண்டன் ‘தி எகனாமிஸ்ட்’ இதழ் 1977இல் வைத்த பெயர் அது. எண்ணெய் டாலர் குவிந்ததால் நைரா வலுத்தது. 1980இல் ஒரு டாலர் வாங்க அரை நைராவுக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தால் போதும். கானோ உழவரின் நிலக்கடலைக்கு ஐரோப்பாவில் அதே டாலர் விலை கிடைத்தாலும், நைராவாக மாற்றும்போது கையில் சேர்வது குறைந்துபோனது. உரத்துக்கும் கூலிக்கும் கொடுக்க வேண்டிய நைராவோ கூடிக்கொண்டே போனது. தாய்லாந்து அரிசியும் அமெரிக்கக் கோதுமையும் உள்ளூர் தானியத்தைவிட மலிவாக வந்து இறங்கின. இளைஞர்கள் லாகோஸுக்கு நடையைக் கட்டினார்கள். கடலைக் கூம்புகள் மறைந்தன. சாகேல் பகுதியின் வறட்சியும் 1975இல் நிலக்கடலையைத் தாக்கிய நச்சுயிரி நோயும் இதில் பங்கு வகித்தன. எல்லாப் பழியையும் எண்ணெயின் தலையில் போடுவது பொருந்தாது. எனினும் வறட்சி நீங்கிய பிறகு பயிர் மீண்டு வராததற்கு நாணயமும் அரசின் அக்கறையின்மையுமே காரணம். மேற்கு ஆப்பிரிக்கப் பனையிலிருந்து பெருகிய மலேசியத் தோட்டங்கள் இதற்குள் உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டன.

விலை இறங்கியபோது வந்த அடி இன்னும் கடுமையானது. உயர்ந்த விலையை ஈடாகக் காட்டி நைஜீரியா கடன் வாங்கியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் சந்தை சரியத் தொடங்கியதும் அரசு முதலில் செய்தது வெளியாரை விரட்டுவது: 1983 ஜனவரியில், செழிப்புக் காலத்தில் வேலை தேடி வந்திருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கானா மக்களும் பிறரும் சில வாரங்களுக்குள் வெளியேற உத்தரவாயிற்று. 1986இல் பீப்பாய் விலை விழுந்தபின் நைராவை இறக்க வேண்டியதாயிற்று. அப்போதிலிருந்து இறங்கிக்கொண்டே வந்த நைரா, 2024இல் டாலருக்கு 1,500 என்ற நிலையைத் தொட்டது.

ஒரு தலைமுறையின் மொத்தக் கணக்கை 2003இல் இரண்டு பொருளியலாளர்கள் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் ஸ்பெயின் நாட்டின் சேவியர் சாலா-இ-மார்ட்டின். மற்றவர் பின்னாளில் இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியன். 1965 முதல் 2000 வரை நைஜீரியா ஈட்டிய எண்ணெய் வருவாய், 1995ஆம் ஆண்டு விலையில், ஏறத்தாழ 35,000 கோடி டாலர். அந்தக் காலத்தின் முடிவில் தலா வருமானம் 1970இல் இருந்த அளவிலேயே நின்றது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக வாழ்ந்தவர்களின் பங்கோ ஏறத்தாழ 36 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டுக்கு உயர்ந்திருந்தது. டச்சு நோயைவிட, அரசு நிறுவனங்களின் சீரழிவும் வீண்செலவுமே இதற்குப் பெருங்காரணம் என்பது அவர்கள் முடிவு. எண்ணெய்ப் பணத்தை அரசிடம் விடாமல் குடிமக்களுக்கு நேராகப் பங்கிட்டுவிடலாம் என்பது அவர்கள் சொன்ன மருந்து. அரசு நடத்தப் பணம் வேண்டுமென்றால் வரியாகத் திரும்பக் கேட்கட்டும். வரி கொடுப்பவர் கணக்கும் கேட்பார் என்பது அதன் உள்ளார்ந்த தருக்கம். நைஜீரிய அரசு அதை ஏற்கவில்லை. எந்த அரசுதான் ஏற்கும்?

வரி வாங்காத அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையே உள்ள உறவை எரிபொருள் மானியம் நன்றாக விளக்குகிறது. பல ஆண்டுகளாகச் சாதாரண நைஜீரியர் தம் எண்ணெயிலிருந்து பெற்ற ஒரே கண்கூடான பயன் மலிவான பெட்ரோல். கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்த நாடு பெட்ரோலை இறக்குமதி செய்தது. போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனா நகரங்களிலிருந்த அரசுச் சுத்திகரிப்பு ஆலைகள் பெரும்பாலும் படுத்தே கிடந்தன. இறக்குமதியாளர்களுக்குப் போன மானியத்தில் பெரும் முறைகேடு நடந்ததை நாடாளுமன்ற விசாரணையே பின்னர் வெளிக்கொண்டுவந்தது. ஆனாலும் 2012 ஜனவரியில் மானியத்தை அரசு நீக்கியபோது நாடே வீதிக்கு வந்தது. மிச்சமாகும் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் என்ற வாக்குறுதியை நம்ப மக்களுக்கு எந்த முகாந்திரமும் இருக்கவில்லை. அரசு ஓரளவு பின்வாங்கியது; முழு நீக்கம் 2023 மே மாதத்தில்தான் சாத்தியமாயிற்று. லாகோஸ் அருகே டங்கோட்டே குழுமம் கட்டிய, நாளொன்றுக்கு 6.5 லட்சம் பீப்பாய்த் திறனுள்ள தனியார் ஆலை 2024இல் உற்பத்தியைத் தொடங்கியது.

கழிமுகத்தில்

கச்சா எண்ணெயோடு எரிவாயுவும் சேர்ந்தே மேலே வரும். அதைப் பிடித்துக் குழாயில் அனுப்பச் செலவாகும், கொளுத்திவிடுவது மலிவு. நைஜர் கழிமுகத்தில் 1950களின் இறுதியிலிருந்து அதுதான் நடந்தது. 1984க்குள் நிறுத்த வேண்டும் என்று 1979இல் சட்டம் வந்தது. விதிவிலக்குக்கும் சிறு அபராதத்துக்கும் வழி விடப்பட்டதால் கம்பெனிகளுக்கு அபராதம் கட்டுவதே லாபமாகத் தெரிந்தது. இரவே தெரியாத ஊர்கள் உருவாயின. சில ஊர்களில் பெண்கள் மரவள்ளிக்கிழங்கை அரைத்து, அந்தச் சுவாலையைச் சுற்றியுள்ள சூட்டில் தட்டுத்தட்டாகப் பரப்பி உலர்த்துகிறார்கள். வெயிலில் நாள்கணக்கில் காய வேண்டியது அங்கே சீக்கிரம் காய்ந்துவிடும். மின்சாரம் எட்டாத ஊருக்கு எண்ணெய் தந்த ஒரே ஆற்றல் வசதி இதுவாக இருந்தது.

ஓகோனிலாந்து என்ற பகுதியில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் உழுதும் மீன் பிடித்தும் வாழ்ந்தார்கள். எழுத்தாளரும் தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பாளருமான கென் சாரோ-விவா அவர்களுக்காக இயக்கம் நடத்தினார். 1990இல் ஓகோனி உரிமை சாசனம் வெளியானது. 1993 ஜனவரி 4 அன்று மக்கள் தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் ஊர்வலமாகப் போனார்கள். அவ்வாண்டே ஷெல் அங்கே உற்பத்தியை நிறுத்தியது. உள்ளூர்த் தலைவர்கள் நால்வர் கொலையில் சம்பந்தப்படுத்தப்பட்டு, ராணுவ அரசின் சிறப்பு நடுவர் மன்றம் விதித்த தண்டனையின்படி 1995 நவம்பர் 10 அன்று சாரோ-விவாவும் எட்டுத் தோழர்களும் போர்ட் ஹார்கோர்ட்டில் தூக்கிலிடப்பட்டார்கள். காமன்வெல்த் அமைப்பு நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. சானி அபாச்சாவின் அந்த அரசு கவிழவில்லை. 1998இல் அவர் இறந்தபின், அவர் குடும்பத்தார் சுவிட்சர்லாந்திலும் பிற நாடுகளிலும் குவித்திருந்த கோடிக்கணக்கான டாலரைத் திரும்பப் பெறும் வேலை இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது.

கிணறுகள் நின்றாலும் குழாய்கள் ஓகோனிலாந்தின் ஊடாகவே போயின. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2011 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு, சீர்செய்ய 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்றது. நிசிசியோகென் ஒகாலே என்ற ஊரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பைப்போல் 900 மடங்குக்கும் மேல் இருந்தது. ஊர்க்காரர்களுக்கு நாற்றம் தெரிந்திருந்தது. வேறு தண்ணீர் இல்லாததால் குடித்தார்கள். பக்கத்தில் போடோ என்னும் ஊரில் 2008இல் இருமுறை குழாய் கசிந்து, அலையாத்திக் காடும் அதன் வேரடியில் முட்டையிடும் மீனும் நண்டும் அழிந்தன. லண்டனில் வழக்குத் தொடர்ந்த பிறகு 2015இல் ஷெல்லின் துணை நிறுவனம் 5.5 கோடி பவுண்ட் தர ஒப்புக்கொண்டது. சொந்த நாட்டில் கிடைக்காத நியாயத்தைத் தேடி மீனவர்கள் லண்டன் போக வேண்டியிருந்தது. ஒகாலே, பில்லே ஊர்களின் வழக்கு தாய் நிறுவனத்துக்கு எதிராக நடக்கலாம் என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஷெல்லோ தன் நிலப்பகுதி உற்பத்தியை ஒரு கூட்டு நிறுவனத்துக்கு விற்று, 2025 மார்ச்சில் கைமாற்றிவிட்டது.

எல்லாக் கசிவும் கம்பெனியால் வந்ததல்ல. எண்ணெய்த் திருட்டு கழிமுகத்தில் ஒரு தொழில். குழாயில் துளையிட்டுக் கள்ள இணைப்பு வைத்து எடுக்கும் கச்சா எண்ணெயில் ஒரு பகுதி கடலில் காத்திருக்கும் கப்பல்களுக்குப் போகிறது. இன்னொரு பகுதி காட்டுக்குள் ‘போ-ஃபயர்’ என்று அழைக்கப்படும் அடுப்புகளுக்கு வருகிறது. மூடிய டிரம்மில் எண்ணெயை ஊற்றி அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து குளிர்ந்து மறுமுனையில் சொட்டும். முதலில் பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெய், அதன்பின் டீசல். மிச்சமாகும் தார்க் கசடு ஓடையில் கொட்டப்படும். 2016 இறுதியிலிருந்து போர்ட் ஹார்கோர்ட் நகரத்தில் கொடித்துணியிலும் சன்னல் விளிம்பிலும் கரி படியத் தொடங்கியதற்கு இந்த அடுப்புகளும் ஒரு காரணம். 2022 ஏப்ரலில் இமோ மாநிலத்தில் இத்தகைய அடுப்பு ஒன்று வெடித்து நூறு பேருக்கு மேல் கருகிப்போனார்கள். மீன் அற்றுப்போன ஓடையின் கரையில், ஆலை ஓடாத நாட்டில், படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்கள் இந்தத் தொழிலுக்குப் போவதில் வியப்பில்லை. ஆயுதக் குழுக்களும் இதே வறுமையிலிருந்து கிளைத்தவையே. 2009இல் அரசு பொது மன்னிப்பும் மாத உதவித்தொகையும் கொடுத்து அவற்றை அடக்கியது. துப்பாக்கி எடுத்தவருக்கு உதவித்தொகை, எடுக்காதவருக்கு ஒன்றுமில்லை என்ற பாடத்தையும் அது கூடவே சொல்லிக் கொடுத்தது.

இந்தோனேசியா செய்தது

1970களில் இந்தோனேசியாவும் பெரிய, வறிய, பல இனங்கள் வாழும் நாடு, ராணுவ ஆட்சி, ஊழலில் நைஜீரியாவுக்குச் சளைக்காதது. அதிபர் சுகார்த்தோ குடும்பத்தின் சொத்துக் குவிப்பு உலகப் பிரசித்தம். அரசு எண்ணெய் நிறுவனமான பெர்த்தாமினா 1975இல் 1,000 கோடி டாலர் கடனில் மூழ்கியது. அப்படியிருந்தும் எண்ணெய்ப் பணத்தில் ஒரு பகுதி கிராமத்துக்குப் போனது. 1973–74 முதல் 1978–79 வரை 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் கட்டப்பட்டன. அவற்றில் படித்தவர்களின் கூலி உயர்ந்ததைப் பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ பின்னர் அளந்து காட்டினார். உரத்துக்கும் பாசனத்துக்கும் செலவு செய்து, உலகிலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடுகளில் ஒன்று 1984இல் தன்னிறைவு கண்டது. 1978 நவம்பரில், கையில் டாலர் இருந்தபோதே, ரூபியாவின் மதிப்பைக் குறைத்தார்கள். நெல் உழவரும் ரப்பர் விளைவிப்பவரும் தப்பித்தார்கள். நைஜீரியா அந்தத் துணிவைக் காட்டவே இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? ஜாவாவின் சுகார்த்தோவுக்கு அரிசி விலை பயத்தைக் கொடுத்தது. முந்தைய ஆட்சியின் இறுதியில் விலைவாசி ஆண்டுக்கு 600 விழுக்காட்டுக்கும் மேல் ஏறி ஆட்சியே கவிழ்ந்ததை அவர் பார்த்திருந்தார். கிராமத்தில் வேரூன்றியிருந்த பொதுவுடைமைக் கட்சியை ரத்தக் களரியில் அழித்து ஆட்சிக்கு வந்தவர், அந்தக் கிராமம் மறுபடி கொதிக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். அவருடைய நிதித்துறையில் ஒரே பொருளியலாளர் குழு பல ஆண்டுகள் நீடித்தது. நைஜீரியாவின் அன்றைய தலைநகர் லாகோஸிலோ ஒவ்வோர் ஆட்சிக் கவிழ்ப்புக்கும் ஒரு புதுக் குழு வந்தது. ஜனநாயகம் இல்லாத இடத்தில் பயம் கணக்குக் கேட்டது என்று இதைச் சொல்லலாம். ஆனால் எரிவாயு கிடைத்த ஆச்சே பகுதிக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை. அருண் வயல் 1971இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1976இல் தொடங்கிய பிரிவினைப் போர், சுனாமிக்குப் பிறகு 2005இல் ஹெல்சிங்கியில் கையெழுத்தான உடன்பாட்டில்தான் ஓய்ந்தது. எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 விழுக்காடு ஆச்சேவுக்கு என்பது அதன் முக்கிய விதிகளில் ஒன்று.

பின்னால் வந்தவர்கள்

நைஜீரியாவின் அனுபவத்தைப் பார்த்த பிறகு, சட்டம் போட்டே பணத்தைக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. சாடு நாட்டின் டோபா வயலிலிருந்து கேமரூன் கடற்கரைவரை 1,070 கிலோமீட்டர் குழாய் போட உலக வங்கி உதவியபோது, எண்ணெய் வருவாயின் பெரும்பகுதி கல்விக்கும் மருத்துவத்துக்கும், 10 விழுக்காடு எதிர்காலத் தலைமுறைக்கும் என்று 1999இல் சட்டம் இயற்ற வைத்தது. எண்ணெய் 2003இல் பாய்ந்தது. கிளர்ச்சிப் படைகள் நெருங்கியதும் அதிபர் இத்ரிஸ் டெபி அந்தச் சட்டத்தை மாற்றி, எதிர்கால நிதியைக் கலைத்துவிட்டார். 2008இல் உலக வங்கி விலகிக்கொண்டது. சட்டத்தைக் காக்கக் கூடிய நீதிமன்றமோ எதிர்க்கட்சியோ நாளிதழோ உள்ளே இல்லாதபோது வாஷிங்டனிலிருந்து ஒருவர் காக்க முடியாது.

கானாவில் அவை ஓரளவு இருந்தன. 2007இல் ஜூபிலி வயல் கிடைத்தது. 2011இல் வந்த வருவாய்ச் சட்டம், செலவைக் கண்காணிக்கக் குடிமக்கள் குழு ஒன்றையும் ஏற்படுத்தியது. குழு ஆண்டுதோறும் அறிக்கை தருகிறது. ஆனால் அரசு எண்ணெயின் பெயரைச் சொல்லியே வெளியில் கடன் வாங்கிச் சம்பளத்தையும் செலவையும் உயர்த்திக்கொண்டது. 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாமல் நின்றது. மொசாம்பிக்கில் இதுவே இன்னும் கோரமாக நடந்தது. 2010இல் வடக்குக் கடலில் பெரும் எரிவாயு வளம் தெரியவந்தது. ஒரு மூலக்கூறு விற்கப்படும் முன்னரே, 2013–14இல் அரசு உத்தரவாதத்தோடு 200 கோடி டாலர் ரகசியக் கடன் வாங்கப்பட்டு, அதில் கணிசமான தொகை லஞ்சமாகக் கரைந்தது. உண்மை 2016இல் வெளியானதும் உதவி தந்த நாடுகள் கையை விரித்தன; நாணயம் சரிந்தது. எரிவாயு இருக்கும் காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017இல் ஆயுதக் கிளர்ச்சி வெடித்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர்.

இன்று எல்லாரும் கவனிக்கும் நாடு கயானா. ஏறத்தாழ எட்டு லட்சம் மக்கள். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் வழிவந்தவர்களே மிகப் பெரிய பிரிவினர், அவர்களுள் இன்றும் மாரியம்மனை வழிபடும் தமிழ் மரபினரும் உண்டு. எக்ஸான்மொபில் நிறுவனம் 2015 மே மாதத்தில் கடலில் லிசா வயலைக் கண்டது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் 60 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. அந்த ஆண்டு உலகில் எந்த நாடும் அதை நெருங்கவில்லை. 2016இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி அரசுக்கு ராயல்டி 2 விழுக்காடு. மாதந்தோறும் கிடைக்கும் எண்ணெயில் 75 விழுக்காடு வரை கம்பெனிகள் தம் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். மிச்ச லாபம் பாதிக்குப் பாதி. கையெழுத்துப் பரிசாக வந்த 1.8 கோடி டாலர் அரசுக் கணக்குக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது 2017 டிசம்பரில் அம்பலமானது. அதன்பிறகே ஒப்பந்தமும் வெளியிடப்பட்டது. செலவுக் கணக்கு இங்கே எவ்வளவு முக்கியம் என்பது தெளிவு: கம்பெனி செலவாக எழுதும் ஒவ்வொரு டாலரும் லாபத்தைப் பிரிக்கும் முன்பே எண்ணெய் வருவாயிலிருந்து போகிறது. 1999 முதல் 2017 வரையிலான ஏறத்தாழ 160 கோடி டாலர் செலவைத் தணிக்கை செய்தவர்கள் 21 கோடி டாலருக்கு மேல் கேள்வி எழுப்பினார்கள். அந்தத் தொகை குறித்த சச்சரவு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

அரசியல் எண்ணெயைச் சுற்றி ஏற்கெனவே இறுகிவிட்டது. முதல் எண்ணெய்க்குப் பிறகு வந்த 2020 மார்ச் தேர்தலின் முடிவை அறிவிக்க ஐந்து மாதம் பிடித்தது; வாக்குப் பெட்டிகள் மறுபடி எண்ணப்பட்டன, வழக்குகள் கரீபிய நீதிமன்றம்வரை போயின. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கான எசெகிபோ நிலப்பகுதிக்கு வெனிசுவேலா பழைய உரிமையைப் புதுப்பித்து 2023 டிசம்பரில் வாக்கெடுப்பே நடத்தியது. எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்து வைக்க நிதியம் உண்டு, அதிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு எடுக்கலாம் என்ற விதியை 2021 இறுதியில் திருத்தியபோது நாடாளுமன்றத்தில் அமளி நடந்தது. குடிமக்களுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதும் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் முதலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 2 லட்சம் கயானா டாலர் என்று அறிவித்து, சில நாளில் அதை மாற்றி, வயது வந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் 1 லட்சம் கயானா டாலர் என்றார்கள். ஏறக்குறைய 480 அமெரிக்க டாலர். நைஜீரியாவுக்கு 2003இல் சொல்லப்பட்ட மருந்தின் வெளிவடிவம் இதில் இருக்கிறது. அங்கே முன்மொழியப்பட்டது குடிமக்களின் உரிமைப் பங்கு, அதன் மறுபக்கமாக வரி. கயானாவில் கொடுத்தது அரசு அறிவித்து வழங்கும் மானியம், தேர்தலுக்கு முந்தைய ஆண்டில்.